நான் இணையத்தில் போட்ட கொப்பி

போன கிழமை செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டு வந்து, லாப்டொப்பைத் திறந்து, என்னுடைய புது இணையப் பக்கத்தை நானே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். ஆம், ரசித்துக்கொண்டுதான். உங்களிடம் மறைப்பானேன்?

போன் அடித்தது. மகேஸ்வரி அக்கா.

அவர் சல்லி என்ற கடற்கரை ஊரில் இருக்கிறார். பத்து மாதத்திற்கு முன் கணவரை இழந்தவர். கரைவலை இழுத்துக்கொண்டு நின்ற மனிதர், கயிற்றைப் பிடித்தபடியே மணலில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலரை எழுதித் திருத்தி அச்சுக்குக் கொடுத்தது நான்தான். அந்தப் பழக்கம்.

“தங்கச்சி, என்ர கொப்பியை இன்டர்நெட்டில போட்டனீங்களோ?”

நான் லாப்டொப்பைப் பாதி மூடினேன்.

“ஓம் அக்கா. ஆனா பேர் ஒண்டும்...”

“சரி. ஒருக்கா வீட்டை வாங்கோ. போனில கதைக்க ஏலாது.”

வைத்துவிட்டார். கோபமா, அழுகையா? குரலில் ஒன்றுமே தெரியவில்லை. கத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு நிறுவனம். சிறுவர் புத்தகங்களும் சுகாதாரக் கையேடுகளும் தமிழில் போடுகிறார்கள். அவர்களுக்கு ஓர் எடிட்டர் தேவை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். வீட்டிலிருந்தே! மகள் பிறந்த பிறகு அலுவலக வேலையை விட்டவள் நான். நாலு வருடமாக ஓர்ஸ் ஹில்லில் இந்த வீட்டின் குசினிக்கும் முன்பள்ளிக்கும் நடுவில்தான் என் உலகம். அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

விண்ணப்பித்தேன். பதிலும் வந்தது. ‘உங்கள் எழுத்து, எடிட்டிங் வேலைகளைக் காட்டும் இணையப் பக்கத்தின் லிங்க்கை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.’

இணையப் பக்கமா? எனக்கா?

கொழும்பில் இருக்கும் என் தோழி சுகன்யாவுக்குப் போன் எடுத்தேன். அவளும் இதே துறைதான். சிரித்தாள்.

“எடியே, எந்த உலகத்தில இருக்கிறாய்? போர்ட்ஃபோலியோ இல்லாமல் இப்ப ஒருத்தரும் வேலை குடுக்கிறேல்ல. காசில்லாமல் செய்யலாம். படம் ஒண்டு, உன்னைப் பற்றி நாலு வரி, செய்த வேலையள் பத்து. அவ்வளவுதான்.”

“பத்திரிகையில பத்தி எழுதுறன்தானே. அதைப் போட்டால் காணாதோ?”

“அது எழுத்து. அவங்கள் கேக்கிறது எடிட்டிங். நீ தொட முதல் எப்பிடி இருந்தது, தொட்ட பிறகு எப்பிடி வந்தது — பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டு. அதைப் பார்த்துத்தான் எடுப்பாங்கள்.”

அன்று முழுவதும் யோசித்தேன். நான் தொட்டவை எவை?

எட்டு வருடமாக எழுதுகிறேன், திருத்துகிறேன். அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிலத்தில் பரப்பினேன். பாடசாலை ஆண்டு மலர் மூன்று. கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று. பிரதேச சபைக்காக எழுதிய டெங்குத் துண்டுப்பிரசுரம். மிச்சம் முழுவதும்? நினைவு மலர்கள். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் ‘கல்வெட்டு’ என்றும் சொல்வார்களே, அந்தச் சின்னப் புத்தகம். முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குச் சாப்பாடு முடிய ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது. முதல் பக்கத்தில் படம். பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல்.

நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

இருக்கவும் முடியாதுதானே? ‘மனைவி புலம்பல்’ என்று போட்டுவிட்டுக் கீழே என் பெயரைப் போட முடியுமா? ‘இங்ஙனம், மனைவி, பிள்ளைகள்’ என்றுதான் முடியும். நாற்பது பேருக்காக நாற்பது விதமாக அழுதிருக்கிறேன். அத்தனையும் பெயரில்லாத அழுகை. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எவர் மீது என்று கேட்காதீர்கள்... செத்தவர்கள் மீது. அவர்களுக்காவது பெயர் இருக்கிறது.

சரி. ‘முன்பு — பின்பு’ காட்டுவதற்கு எது நல்லது?

மகேஸ்வரி அக்காவின் கொப்பி கையில் அகப்பட்டது. தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி.

மற்றக் குடும்பங்கள் பிறந்த இடம், படித்த பாடசாலை, பிள்ளைகள் இருக்கும் நாடு என்று ஒரு தாளில் எழுதித் தருவார்கள். இவர் மட்டும் ஒரு முழுக் கொப்பி எழுதிக்கொண்டு வந்து தந்தார். பதினைந்து பக்கம். நீலப் பேனை. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. நான் சிவப்புப் பேனையால் அதிலேயே வெட்டி, ஓரத்தில் குறிப்பெழுதி, கடைசியில் எட்டு வரியில் அழகான ‘மனைவி புலம்பல்’ ஒன்று செய்திருந்தேன். சந்தம் பிசகாதது. அச்சக அண்ணா வாசித்துவிட்டு, “தங்கச்சி, இது நிண்டு பேசும்” என்றார்.

இதைவிட நல்ல ‘முன்பு — பின்பு’ எங்கே கிடைக்கும்?

கொப்பியின் ஒன்பதாம் பக்கத்தைப் படம் எடுத்தேன். பெயர்கள் வந்த இடங்களைக் கறுப்பாக்கினேன். ஊர்ப் பெயரையும் அழித்தேன். பக்கத்தில் அச்சான புலம்பல். மேலே தலைப்பு: ‘கையெழுத்துப் பிரதியிலிருந்து கவிதைக்கு’. எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்!

ஆனாலும் மனம் கேட்கவில்லை. என் கணவரிடம் காட்டினேன்.

“இதைப் போடலாமோ? அவவிட்டைக் கேக்கவேணுமோ?”

“பேர் இல்லைத்தானே. பிறகென்ன? நீர் எல்லாத்துக்கும் ரெண்டு தரம் யோசிக்கிறீர்.”

உண்மைதான். நான் எல்லாவற்றுக்கும் இரண்டு தரம் யோசிக்கிறவள். அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று தெர்மோமீட்டர் சொன்ன பிறகும் நெற்றியில் கை வைக்கிறவள். ஆனால் யோசிக்க வேண்டிய அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் யோசிக்க விரும்பவில்லை. ஏன் தெரியுமா? கேட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். வேறு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பக்கத்தை வெளியிட்டேன். சும்மா இருந்தேனா? லிங்க்கை எடுத்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். ‘என் புது வீடு... வந்து பாருங்கள்’ என்று.

என் போனில் யார் யாருடைய நம்பர்கள் இருக்கின்றன? நினைவு மலர் செய்து கொடுத்த அத்தனை குடும்பங்களும் இருக்கின்றன. அது எனக்கு நினைவு வரவில்லை. பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் மூடியை மூன்று தரம் இறுக்கிப் பார்ப்பவளுக்கு அது நினைவு வரவில்லை.

இனி அந்த ஒன்பதாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். மகேஸ்வரி அக்காவிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். இந்தப் பத்தியை அவருக்கும் அவர் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டி, ஊர்ப் பெயரைப் போடவும் சம்மதம் வாங்கிய பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அவர் எழுதியிருந்தது இது:

‘அண்டைக்கு விடிய எங்களுக்குள்ள சண்டை. குசினிக்கு மேல தகரம் ஓட்டை. மாத்தித் தாங்கோ எண்டு மூண்டு கிழமையாச் சொல்லிக்கொண்டு இருந்தனான். அண்டைக்கும் நாளைக்கு எண்டார். எனக்குக் கோபம் வந்திட்டுது. அடுப்பு மூட்டேல்லை. அவருக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லை. வெறும் வயித்தோட வலைக்குப் போனார். அவர் ஒரு நாளும் படலையைச் சாத்திப்போட்டுப் போறதில்லை. அண்டைக்குச் சாத்தினார். மெல்லமாத்தான் சாத்தினார்.’

அதன் குறுக்கே என் சிவப்புக் கோடு. ஓரத்தில் என் எழுத்தில் ஒரே ஒரு சொல் — ‘தேவையில்லை’.

போன் வைத்த கையோடு அந்தப் பகுதியை இணையத்திலிருந்து எடுத்தேன். எடுத்தால்? பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தானே? பக்கத்தில் போட்ட புலம்பல், சல்லியில் வீட்டுக்கு வீடு கிடக்கிற மலரில் உள்ளதுதானே? நான் பெயரைத்தான் கறுப்பாக்கினேன். ஆளை எப்படிக் கறுப்பாக்குவது? அந்த ஊர் முழுக்க இப்போது தெரிந்திருக்கும், அந்த மனிதர் தேத்தண்ணிகூட இல்லாமல் போனார் என்று. அந்த மனிதரின் ஒரே தங்கச்சி அடுத்த ஒழுங்கையிலேயே இருக்கிறார். அண்ணன் மீது உயிர். அவர் இதை வாசித்தால் மகேஸ்வரி அக்காவுடன் கதைப்பாரா? அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்த ஓர் உறவையும் நான் அறுத்துவிட்டேனா?

என் கணவருக்குப் போன் எடுத்தேன்.

“போனில மன்னிப்புக் கேட்டால் காணாதோ?” என்றார்.

“வரச் சொன்னவா.”

“போயிட்டு வாரும். பிள்ளையை முன்பள்ளியில நான் ஏத்துறன்” என்றார்.

கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். வழி முழுக்க மன்னிப்பு வசனங்களை எழுதிப் பார்த்தேன். மனதுக்குள்தான். எழுதி எழுதி வெட்டினேன். ‘அறியாமல் நடந்துவிட்டது’ — பொய். ‘உங்களைக் காயப்படுத்தும் நோக்கம் இல்லை’ — அச்சுக்குப் போகிற வசனம். உப்புவெளியைத் தாண்டும்போது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வீட்டு வாசலில் ஒரு கதிரையில் அவர்தான் இருந்தார் — தவமணி அக்கா, மகேஸ்வரி அக்காவின் கணவரின் தங்கச்சி. (உண்மைப் பெயர் இல்லை. ‘என்ர பேரைப் போட வேண்டாம். தவமணி எண்டு போடும்’ என்று அவரே தெரிவு செய்து தந்த பெயர்.) நான் படலையைத் திறக்க முன்னமே தொடங்கிவிட்டார்.

“வாரும், வாரும். படிச்ச பிள்ளை வாறா.”

நான் நின்றுவிட்டேன்.

“எங்கட அண்ணன்ட சாவு உமக்கு விளம்பரமோ? கேக்கிறன். உம்மட வீட்டில ஒருத்தர் போனாலும் இப்பிடித்தான் போடுவீரோ?”

“இல்லை அக்கா. பிழைதான். நான் எடுத்திட்டன். கேக்காமல் போட்டது பெரிய பிழை.”

“எடுத்திட்டாவாம்! என்ர மகள் போனில படம் பிடிச்சு வைச்சிருக்கிறாள். இப்ப என்ன செய்வீர்?”

உள்ளேயிருந்து மகேஸ்வரி அக்கா வந்தார். மெலிந்திருந்தார். “மச்சாள், அந்தப் பிள்ளையை உள்ளுக்கு விடுங்கோ முதல்” என்றார்.

குசினிப் பக்கமாக ஒரு மரவாங்கில் இருந்தோம். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். தகரம் மாற்றியிருந்தது. புதுத் தகரம் ஒன்று, பழைய தகரங்களுக்கு நடுவில்.

நான் கொப்பியை அவர் மடியில் வைத்தேன். “அக்கா, நீங்கள் என்னை நம்பித் தந்தது. நான் ஊருக்கு முன்னால போட்டிட்டன். உங்கட சொந்த விசயம். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு...”

“என்ன தெரிஞ்சு போச்சு?”

“அந்த... தேத்தண்ணி விசயம்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தவமணி அக்கா ஒரு மாதிரிச் சிரித்தார். சிரிப்பா அது... மூச்சு விட்ட சத்தம்.

“இஞ்ச பாரும். தேத்தண்ணி குடுக்காத வீடு இந்தக் கரையில எது? நான் என்ர மனுசனுக்குக் கிழமையில ரெண்டு நாள் குடுக்கிறேல்லை. அந்தாள் இன்னும் கல்லு மாதிரி இருக்குது. இவள் தேத்தண்ணி குடுக்காததாலயோ என்ர அண்ணன் செத்தவன்? ரெண்டு வருசமா நெஞ்சு நோ எண்டு சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போகாததாலதான் செத்தவன்.” பிறகு மகேஸ்வரி அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. “விசரி. பத்து மாசமா இதையோ வைச்சுக்கொண்டு இருந்தனீ? அடுத்த ஒழுங்கையில நான் இருக்கிறன்.”

மகேஸ்வரி அக்கா கொப்பியைத் திறந்தார். ஒன்பதாம் பக்கத்தைத் தேடி எடுத்தார். அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“தங்கச்சி, நான் உங்களை வரச் சொன்னது ஊர் பாத்ததுக்கு இல்லை. ஊர் என்ன, ஒரு கிழமை கதைக்கும். வேற ஒண்டு வந்தா அதைக் கதைக்கும்.”

“பிறகு அக்கா?”

“இதுக்குத்தான்.” விரல் ஓரத்துக்கு நகர்ந்தது. அந்த ஒற்றைச் சொல்லில் நின்றது. “இதைப் போடேல்லையோ எண்டு நான் கேக்க, இடம் காணாது அக்கா, பதினாறு பக்கத்துக்குள்ள அடக்கோணும் எண்டு சொன்னனீங்கள். நான் நம்பிட்டன். இடம் இல்லாட்டி என்ன செய்யிறது? ஆனா நேற்று மச்சாள்ட மகள் போனில பெருப்பிச்சுக் காட்டினவள். இடம் இல்லாமல் இல்லை. உங்களுக்குத் தேவையில்லை.”

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆம், அப்படித்தான் சொன்னேன். அச்சகத்து வாசலில் நின்றுகொண்டு. அவர் கேட்டபோது உண்மையைச் சொல்லச் சங்கடமாக இருந்தது. ஒரு விதவையிடம், ‘நீங்கள் எழுதியது புலம்பலுக்குப் பொருந்தாது’ என்று சொல்வதா? சின்னப் பொய்தானே, நல்லதுக்குத்தானே என்று சொன்னேன். சொன்னதையே மறந்தும் போனேன். அவர் ஒன்பது மாதமாக நம்பிக்கொண்டிருந்தார்.

“அதில நீங்கள் போட்ட பாட்டு நல்லாத்தான் இருந்தது” என்றார் அவர். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “எல்லாரும் வாசிச்சு அழுதவை. ஆனா அது ஆருக்கும் பொருந்தும். எங்கட பெரியம்மா செத்ததுக்கும் அப்பிடித்தான் ஒரு பாட்டுப் போட்டவை. நான் அந்தப் பாட்டுக்கு இல்லை கொப்பி எழுதினது. அவரிட்டை மன்னிப்புக் கேக்க எனக்கு வேற இடம் இல்லை. நேர கேக்க ஏலாது. கனவிலயும் வாறாரில்லை. அவர்ட படம் போட்ட புத்தகத்தில எழுதினாப் போய்ச் சேரும் எண்டு நினைச்சன்.”

பக்கத்து வீட்டில் யாரோ றேடியோ போட்டிருந்தார்கள்.

எடிட்டர் என்றால் யார்? தேவையில்லாததை வெட்டுகிறவர் என்று படித்திருக்கிறேன். தேவையில்லாதது — யாருக்கு? இதைக் கேட்கவே எனக்கு எட்டு வருடம் எடுத்திருக்கிறது. நான் வாசிப்பவரை நினைத்தேன். சந்தத்தை நினைத்தேன். அச்சக அண்ணாவை நினைத்தேன். சபைக்கு எது அழகு என்று நினைத்தேன். எழுதியவரை? அவர் துக்கத்தில் இருக்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பாவம் பார்க்கிறேன் என்று எண்ணிக்கொண்டு ஒருவரை ஒதுக்கி வைப்பது எவ்வளவு லேசு!

“அக்கா, நான் பொய் சொன்னனான்” என்றேன். ஓட்டோவில் எழுதி வெட்டிய வசனங்களில் இது ஒன்றுகூட இல்லை. “இடம் இருந்தது. கடைசிப் பக்கம் வெறுமனேதான் இருந்தது. பூப்படம் ஒண்டு போட்டனாங்கள்.”

“அந்தச் செவ்வரத்தம்பூவோ?” என்றார் தவமணி அக்கா. “அட கடவுளே! நானும் யோசிச்சன், எங்கட அண்ணனுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் எண்டு.”

மகேஸ்வரி அக்கா சிரித்துவிட்டார். நான் அங்கே வந்ததிலிருந்து முதல் தரம். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

“இப்ப என்ன செய்யலாம் அக்கா? நீங்கள் சொல்லுங்கோ. நான் செய்யிறன்.”

அவர் உடனே சொன்னார். முன்பே முடிவு செய்து வைத்திருந்தார் போல.

“எடுத்ததைத் திருப்பிப் போடுங்கோ.”

“என்ன?”

“உங்கட அந்தப் பக்கத்தில. இந்தக் கோடு இல்லாமல். நான் எழுதினபடி. கீழ என்ர பேர்.”

“உனக்கென்ன பைத்தியமோ?” என்று எழும்பிவிட்டார் தவமணி அக்கா. “ஒருக்காப் போட்டு மானம் போனது காணாதெண்டு, பேரோட போடவோ?”

“மானம் போகேல்லை மச்சாள். நீங்களே இப்ப சொன்னனீங்கள், தேத்தண்ணி குடுக்காத வீடு எது எண்டு.”

“அது நான் வீட்டுக்குள்ள சொன்னது!”

“சரி. அவர்ட பேர் வேண்டாம். உங்கட அண்ணன்ட பேரைப் போட வேண்டாம். என்ர பேரைப் போடலாம்தானே? எழுதினது நான்.”

எழுதினது நான். ஒரு கிழமையாக எனக்கு என் பெயர் எங்கே என்ற ஒரே கவலை. நாற்பது புத்தகத்தில் ஒன்றிலும் என் பெயர் இல்லையே என்ற கவலை. என் திறமைக்குச் சாட்சியாக நான் எடுத்து வைத்த பக்கத்திலேயே இன்னொரு எழுத்துக்காரி இருந்தார். அவருடைய பெயரைக் கறுப்பு மை போட்டு அழித்ததும் நான்தான். பாதுகாப்புக்காம்!

தவமணி அக்கா நீண்ட நேரம் முணுமுணுத்தார். கடைசியில், “ஊர்ப் பேரையும் போடாதையுங்கோ. பிறகு உங்கட பாடு” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனார். மூன்று பேருக்கும் அவரே ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்குத் தந்த கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தார். கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

புறப்படும்போது மகேஸ்வரி அக்கா படலை வரை வந்தார்.

“ஊர் ஒரு கிழமையில மறந்திடும் எண்டும், மச்சாள் என்னோட கோபிக்கேல்லை எண்டும் நினைச்சு, நீங்கள் செய்தது சரி எண்டு நினைக்க வேண்டாம் தங்கச்சி. அது வேற. இது வேற. கேட்டிருக்கோணும்.”

“ஓம் அக்கா.”

“கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்.”

நான் ஓட்டோவில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து மற்ற மாதிரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் போனும் கையுமாக இருந்தேன். பாடசாலை மலருக்குப் பொறுப்பான ஆசிரியையைக் கேட்டேன். கும்பாபிஷேக மலர் ஆட்களைக் கேட்டேன். நினைவு மலர்க் குடும்பங்கள் எட்டைக் கேட்டேன். ஐந்து பேர் ‘தாராளமாப் போடுங்கோ’ என்றார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர், “பிள்ளை, அப்பாட படத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கிப் போட ஏலுமோ?” என்று கேட்டார்.

சுகன்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உனக்கு விசரே? எடிட்டர் வேலைக்கு அனுப்பிற பக்கத்தில எடிட் பண்ணாத எழுத்தைப் போடப் போறியோ?”

“ஓம்.”

“அதுவும் நீ பிழை விட்டனீ எண்டு எழுதி?”

“ஓம்.”

“வேலை கிடைக்காது. சொல்லிப்போட்டன்.”

கிடைக்காமல் போகலாம். இந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்று உங்களுக்கு மேலேயே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில்கூட இரண்டு தரம் அந்தப் பகுதியை மறைத்து, இரண்டு தரம் திரும்பக் கொண்டுவந்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, மகள் ‘அம்மா, பசிக்குது’ என்று மூன்றாம் தரம் சொல்லும் வரை இருந்தேன்.

பிறகு அனுப்பினேன்.

இப்போது அந்தப் பக்கத்தில் மகேஸ்வரி அக்கா எழுதியது அவர் எழுதியபடியே இருக்கிறது. கீழே அவர் பெயர். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் என் இரண்டு வரி: ‘இதை நான் வெட்டினேன். காரணத்தை எழுதியவரிடம் மறைத்தேன். இரண்டும் பிழை.’

மகேஸ்வரி அக்காவுக்கு லிங்க்கை அனுப்பினேன். நீல ‘டிக்’ விழுந்தது. பதில் வரவில்லை. பின்னேரம் அவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் போட்டிருந்தார். மேலே ஒரு வார்த்தையும் இல்லை. அவருக்குத் தேவைப்படவில்லை போல.

நேற்று கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை தந்துவிடவில்லை. ஆனால் ஒரு சோதனை அனுப்பியிருக்கிறார்கள். யாரோ ஒரு தாதி எழுதிய கட்டுரை, பன்னிரண்டு பக்கம், பெயர் இல்லை. திருத்தி நாலு பக்கமாகச் சுருக்கித் தர வேண்டுமாம். மூன்று நாள் அவகாசம்.

முதல் பக்கத்திலேயே வெட்டலாம் போல ஒரு பந்தி இருக்கிறது. கை துடிக்கிறது.

நான் இன்னும் ஒரு சொல்லிலும் கை வைக்கவில்லை. எழுதியவரின் தொலைபேசி எண்ணைத் தருவீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.